பாதம் தெரிகிற பிரதி: சாலிகிராமத்தில் பழைய வீடியோ கேசட்டை டிஜிட்டலாக்கிய அனுபவம்

1993-ல் மயிலாப்பூரில் ஒரு சபா மேடையில் என் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தது. அப்பா வீடியோவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். தோளில் வைத்துப் பிடிக்கிற பெரிய கேமரா, மூன்று மணி நேரம் ஓடுகிற ஒரு இ-180 விஎச்எஸ் கேசட். மொத்தம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை பார்த்தார்கள், அப்புறம் கேசட் பரணுக்குப் போய்விட்டது. கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் 2015 டிசம்பர் வெள்ளம் இடுப்பளவு நின்றது. ஆல்பம் போயிற்று, சலங்கைப் பெட்டி போயிற்று. பரணில் இருந்ததால் கேசட் தப்பித்தது.

இப்போது அதை எடுக்கக் காரணம் என் மாணவி. அவளுக்கு வருகிற மார்கழியில் அரங்கேற்றம். என் வர்ணத்துக்கு (நிகழ்ச்சியின் முக்கிய உருப்படி) வாத்தியார் கட்டிக் கொடுத்த திரிகால ஜதியை, அதாவது மூன்று வேகத்தில் ஆடும் ஜதியை, அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் நோட்டில் சொற்கட்டு, அதாவது ஜதியின் தாளச் சொற்கள், முழுசாக இருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்தக் கால், எங்கே தட்டு (முழுப்பாதத்தால் அடிப்பது), எங்கே மெட்டு (முன்பாதத்தில் நின்று குதிகாலை இறக்குவது) என்பது எழுதப்படவில்லை. மனசில் இருப்பதை வைத்துத்தான் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்து வந்தேன். வாத்தியார் இப்போது இல்லை. அவர் தாளம் தட்டி அந்த ஜதியைச் சொல்லும் ஒரே பதிவு அந்தக் கேசட்தான்.

ஆக, எனக்கு வேண்டியது நினைவுப்பொருள் இல்லை. மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமான பகுதியில், கால் என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். இந்த விமர்சனத்தை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். 300 ரூபாய், மறுநாளே பென் டிரைவ். ‘ஃபுல் எச்டி’ என்று பில்லில் எழுதியிருந்தது. வீட்டு டிவியில் போட்டதும் என் மாணவி கேட்ட முதல் கேள்வி, “டீச்சர், நீங்க அப்ப இவ்ளோ குண்டா இருந்தீங்களா?” இல்லை. பதினாறு வயதில் நான் ஒல்லிக்குச்சி. படம்தான் இழுபட்டிருந்தது.

அந்தப் பிரதியில் என்னென்ன தப்பு என்பதே எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரியவைத்தவர் சாலிகிராமத்துக் கடைக்காரர். வடபழனியிலிருந்து ஆற்காடு சாலையிலேயே போய், உள்ளே இறங்கும் ஒரு தெருவில், தையல் கடைக்கு மேலே முதல் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நல்ல நிலையில் ஓடுகிற விஎச்எஸ் டெக் (கேசட்டை ஓட்டும் மெஷின், விசிஆர்) அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம், கூட்டம் வந்தால் தாங்காது என்றார். நியாயம்தான். ஜப்பானில் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு உலகத்திலேயே புது விசிஆர் வருவது நின்றுபோயிற்று. நாடாவைப் படிக்கிற ஹெட் தேய்ந்தால் இன்னொரு பழைய மெஷினிலிருந்து கழற்றித்தான் போடவேண்டும். அந்தப் பக்கத்து எடிட்டிங் ஸ்டூடியோக்களில் ‘பழைய டேப் மாத்தறவர்’ என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அறுபது வயதைத் தாண்டியவர். கேசட்டைக் கையில் வாங்கியதும் மெஷினில் போடவில்லை. மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, நாடாவின் ஓரத்தைப் பார்த்தார். வெள்ளையாக மாவு தூவினதுபோல் இருந்தது. பூஞ்சை. சென்னைப் புழுக்கத்தில் பரணில் கிடந்த கேசட்டுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்றார்.

“இதை வேற எங்கயாச்சும் ஓட்டினீங்களா டீச்சர்?”

“ஒரு கடையில ஓட்டினாங்க சார்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. பூஞ்சையோடு ஓட்டினால் அது வீடியோ ஹெட்டில் அப்பிக்கொள்ளும், படம் பனி கொட்டினதுபோல் ஆகும், நாடாவும் சிராய்க்கும், அடுத்து அந்த மெஷினில் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்லவேளை, பெரிய சேதம் இல்லை. அப்புறம் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். அது இருந்தால் கைதவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் மேலே பதிந்துவிடும். எங்கள் கேசட்டில் இருந்தது. முப்பது வருடமாக ஒரு பட்டன் தூரத்தில் அழியக் காத்திருந்திருக்கிறது! உடனே உடைத்துவிட்டார்.

சுத்தம் செய்யவே ஆறு நாள் ஆயிற்று. மொத்தம் ஒன்பது நாள். அவசரமாக வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது.

பென் டிரைவைப் பார்த்தபோது அவர் விளக்கினதுதான் எனக்கு இந்த முழு வேலையிலும் கிடைத்த பெரிய லாபம். என்னுடைய மொழியில் சொல்கிறேன். நம் ஊர்ப் பழைய டிவி முறைக்குப் பெயர் பால் (PAL). 625 கோடு, அதில் கண்ணுக்குத் தெரிவது 576. வினாடிக்கு 25 படம், அதாவது 25 ஃப்ரேம். ஆனால் ஒரு ஃப்ரேம் என்பது ஒரே கணத்தில் எடுத்த ஒரே படம் இல்லை. ஒரு கோடு விட்டு ஒரு கோடாக முதலில் 288 கோடு, அடுத்த 1/50 வினாடியில் நடுவில் விட்டுப்போன 288 கோடு. இந்தப் பாதிக்குப் பெயர் ஃபீல்ட். இரண்டையும் பின்னிப்போடுவதுதான் இன்டர்லேஸ். கேசட்டுக்குள்ளும் அப்படியேதான் இருக்கிறது. டெக்கைத் திறந்து அந்த உருளையைக் காட்டினார். அது வினாடிக்கு 25 தடவை சுற்றுகிறது. எதிரெதிராக இரண்டு ஹெட். ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும், அந்த ஒரு இழுப்பு ஒரு ஃபீல்ட். ஆக, வினாடிக்கு 50 கணம் பதிவாகியிருக்கிறது.

இது ஒரு நடனக்காரிக்கு எவ்வளவு பெரிய விஷயம்! மூன்றாம் காலத்தில் வினாடிக்கு ஐந்து தட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 படம் மட்டும் இருந்தால் ஒரு தட்டுக்கு ஐந்து படம். கால் தூக்குவது, இறங்குவது, தரையில் படுவது எல்லாம் அந்த ஐந்துக்குள். 50 இருந்தால் பத்து. முன்பாதம் மட்டும் படுகிறதா, முழுப்பாதமும் படுகிறதா என்பது அந்த இரண்டு மடங்கில்தான் இருக்கிறது. என் அரங்கேற்றக் கேசட் முழுவதிலும் 5,10,000 ஃபீல்ட் இருக்கிறது. முதல் கடைப் பிரதி அதைப் பாழாக்கி வைத்திருந்தது.

எப்படி என்றால், இரண்டு ஃபீல்டையும் பிரிக்காமல் ஒட்டி அப்படியே கம்ப்யூட்டர் படமாக்கியிருந்தார்கள். பழைய டியூப் டிவியில் ஒவ்வொரு ஃபீல்டும் அதனதன் நேரத்தில் தெரியும், கண்ணுக்கு உறுத்தாது. இன்றைய எல்சிடி திரை எல்லாக் கோட்டையும் ஒரே சமயத்தில் காட்டும். 1/50 வினாடி இடைவெளியில் எடுத்த இரண்டு பாதியை ஒன்றாக வைத்தால், அசையாத மேடைத்தூண் சரியாக இருக்கும், அசைகிற கை ஓரத்தில் மட்டும் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக நிற்கும். இதைக்கூடப் பிற்பாடு சரிசெய்யலாமாம். ஆனால் அவர்கள் அந்தச் சீப்புப் பல்லோடு சேர்த்து 576 கோட்டை 1080 கோடாக நீட்டியிருந்தார்கள். எந்தக் கோடு எந்த ஃபீல்டுக்குச் சொந்தம் என்கிற கணக்கே கலைந்துபோயிற்று. இனி அந்தப் பிரதியிலிருந்து பிரிக்கவே முடியாது. ‘ஃபுல் எச்டி’ என்று எழுதிக்கொடுத்தது இந்த வேலைக்குத்தான்.

அதற்கு மேல் அளவு. விஎச்எஸ்ஸில் பக்கவாட்டில் ஏறக்குறைய 240 கோட்டுக்கான நுணுக்கம்தான் பதிகிறது, நிறத்தில் அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் என் அரக்குச் சிவப்பு உடுப்பு ஜரிகையைத் தாண்டி வெளியே கசிந்தமாதிரி தெரிகிறது. இதை எத்தனை பிக்சலில் நீட்டினாலும் கேசட்டில் இல்லாத விவரம் புதிதாக வராது. 1920×1080 என்பது பாத்திரத்தின் அளவு. அதில் எவ்வளவு பால் இருக்கிறது என்பது வேறு.

குண்டாகத் தெரிந்ததற்குக் காரணம் ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். பழைய டிவி 4:3, இப்போதைய டிவி 16:9. பால் (PAL) முறைப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 720×576 என்று வரும். அது 4:3 ஆவதற்குச் சதுர பிக்சல் கணக்கில் 768×576 ஆகக் காட்ட வேண்டும். கறுப்புப் பட்டை இல்லாமல் திரையை நிரப்புகிறேன் என்று 16:9-க்கு இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கல்யாண வீடியோவில் சிரித்துவிட்டுப் போகலாம், நடனத்தில் முடியாது. அரைமண்டியில் (முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) முட்டிகளுக்கு நடுவில் உண்டாகும் அந்தச் சாய்சதுரம் அகன்று சப்பையாகிவிடுகிறது. உட்கார்ந்த ஆழம் தப்பாகத் தெரியும், நீட்டிய கை நேராக இல்லாமல் நீளமாகத் தெரியும். இதைப் பார்த்து ஒரு குழந்தை கற்றுக்கொண்டால் தவறாகத்தான் கற்றுக்கொள்ளும். பக்கத்தில் கறுப்புப் பட்டை இருக்கட்டும். அது குறை இல்லை.

பிட்ரேட், அதாவது வினாடிக்கு எவ்வளவு தகவல் என்கிற அளவு பற்றியும் ஒரு வார்த்தை. அந்த பென் டிரைவில் இரண்டு மணி ஐம்பது நிமிடம் 1.4 ஜிபிக்குள் அடங்கியிருந்தது. கணக்குப் போட்டால் வினாடிக்கு 1.1 மெகாபிட். வாத்தியார் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இடம் சுமாராகத் தெரியும், ஜதி ஆரம்பித்ததும் கால் இருக்கும் இடமெல்லாம் கட்டம் கட்டமாகும். அசைவு அதிகமானால் எழுதவேண்டிய தகவலும் அதிகம், கொடுத்த இடமோ அதே அளவு. எனக்கு எங்கே பார்க்கவேண்டுமோ சரியாக அங்கேதான் சுருக்கம் கடித்திருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது தாளம். வர்ணத்தில் சரியாக இருந்த கால், தில்லானா வரும்போது ஜதிக்கு அரை வினாடி முன்னால் விழுந்தது. நானே தாளம் தப்பினேனோ என்று ஒரு ராத்திரி தூங்கவில்லை. சாலிகிராமத்துக்காரர் ஒரு நிமிடத்தில் காரணம் சொன்னார். பழைய நாடா நீண்டு சுருங்கியிருக்கும். ஒவ்வொரு கோடும் வரவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை ஏற்றுகிற மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவி அந்தத் தள்ளாட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் நடுநடுவே ஃப்ரேமை விட்டுவிடும். ஒலி விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கொன்று இங்கொன்றாக ஒரு பன்னிரண்டு ஃப்ரேம் போனால் அரை வினாடி போயிற்று. இதைத் தடுக்கத்தான் டைம் பேஸ் கரெக்டர். கோடுகளை வாங்கி நிறுத்தி, சரியான நேரத்துக்கு ஒழுங்காக வெளியே விடுகிற கருவி. அவருடைய டெக் எஸ்-விஎச்எஸ் என்கிற உயர்ந்த ரகம், அதற்குள்ளேயே ஒன்று இருக்கிறது, வெளியே தனியாக இன்னொன்றும் வைத்திருக்கிறார். முதல் பிரதியில் மேடையின் பக்கத்திரை ஓரம் நெளிந்துகொண்டே இருந்தது. இவர் பிரதியில் நூல் பிடித்தமாதிரி நிற்கிறது. தில்லானா கடைசி அறுதியில் (ஜதி முடியும் இடத்தில்) காலும் தாளமும் ஒன்றாக விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு மஞ்சள் வயர் போடாமல் எஸ்-வீடியோ வயர் போட்டிருந்தார். வெளிச்சமும் நிறமும் தனித்தனி இழையில் வரும், சிவப்பு ஓரத்தில் எறும்பு ஊர்கிறமாதிரி புள்ளி ஓடாது.

அவர் எனக்குக் கொடுத்தது இரண்டு ஃபைல். ஒன்று மூலம்: 720×576, இன்டர்லேஸ் பிரிக்காமல் அப்படியே, எஃப்எஃப்வி1 என்கிற கோடெக்கில், எம்கேவி ஃபைலாக. 78 ஜிபி. சுருக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு புள்ளிகூட இழக்காத சுருக்கம். சுருக்கமே இல்லாமல் வைத்தால் மணிக்கு 75 ஜிபி வரை போகும் என்றார். இன்னொன்று பார்ப்பதற்கு: ஃபீல்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு முழுப்படமாக்கி, வினாடிக்கு 50 ஃப்ரேமாக, எச்.264 கோடெக்கில், எம்பி4 ஃபைல், 7.6 ஜிபி. ஃபோனில், டிவியில் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

கோடெக்கும் எம்பி4-ம் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடன உடுப்புப் பெட்டியை வைத்து எனக்கே புரியவைத்துக்கொண்டேன். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் டிரங்குப் பெட்டி. உள்ளே உடுப்பை எப்படி மடித்திருக்கிறார்கள் என்பது கோடெக். பெட்டியைப் பார்த்து மடிப்பைச் சொல்ல முடியாது. ஒரே எம்பி4 பெட்டிக்குள் விசிறி மடிப்பு கலையாமலும் வைக்கலாம், கசக்கித் திணித்தும் வைக்கலாம். முதல் கடை கொடுத்ததும் எம்பி4, எச்.264-தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போது எல்லாக் கடையிலும் இதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். முதல் கடையில் ‘4கே ஆக்கித் தருகிறோம்’ என்று ஒரு நிமிடம் இலவசமாகச் செய்து காட்டினார்கள். என் முகம் மெழுகு பூசினதுபோல் வழவழவென்று இருந்தது. புருவம் கூர்மையாக வரையப்பட்டிருந்தது. அபிநயத்தில் பார்வை போகும் திசையை அது தானாக முடிவுசெய்து வைத்திருக்கிறது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் முகம் மூலத்தில் பதினைந்து இருபது பிக்சல் அகலம்தான். மங்கலாக இருந்தாலும் அது அவர். தலை ஆட்டுகிற விதத்திலேயே எங்களுக்குத் தெரியும். 4கே பிரதியில் அங்கே யாரோ ஒரு மனிதர் தெளிவாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தத் தெளிவு வேண்டாம். சாலிகிராமத்துக்காரரும் செய்வதில்லை. கேட்டால், “மூலத்தை வச்சுக்கோங்க டீச்சர், நாளைக்கு என்ன வேணாலும் பண்ணலாம். இல்லாததை நான் வரைஞ்சு தரமாட்டேன்” என்றார்.

குறைகளும் உண்டு. கூடவே 2004-ல் ஒரு மாணவியின் நிகழ்ச்சியை எடுத்த மினிடிவி (MiniDV) என்கிற சின்ன டிஜிட்டல் கேசட்டையும் கொடுத்திருந்தேன். மினிடிவியில் நாடாவிலேயே டிஜிட்டலாகத்தான் இருக்கிறது, வினாடிக்கு 25 மெகாபிட். ஃபயர்வயர் என்கிற வயர் மூலம் அப்படியே நகல் எடுத்தால் போதும், தரம் துளியும் குறையாது. ஒரு மணிக்கு 13 ஜிபி வந்தது. அந்த நகல் நன்றாக இருந்தது. ஆனால் பார்ப்பதற்கான எம்பி4-ல் கை ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று உதறிக்கொண்டே போயிற்று. ஃபோன் செய்தேன். ஃபீல்ட் வரிசை தலைகீழாகிவிட்டது என்றார். விஎச்எஸ் கேப்சரில் அவர் மேல் ஃபீல்டை முதலில் வைக்கிறார், மினிடிவி நாடாவில் கீழ் ஃபீல்ட் முதலில். பழைய அமைப்பிலேயே விட்டுவிட்டாராம். மன்னிப்புக் கேட்டு அன்று மாலையே புது ஃபைல் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இருந்தாலும் வாங்கினதும் வேகமான அசைவு வருகிற இடத்தில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கையோ காலோ உதறினால் ஃபீல்ட் வரிசை. சீப்புப் பல் தெரிந்தால் பிரிக்கவே இல்லை.

விஎச்எஸ் பிரதியில் படத்தின் அடியில் ஏழெட்டுக் கோடு கந்தலாக நெளிகிறது. ஒரு ஹெட் விட்டு இன்னொரு ஹெட் நாடாவைப் பிடிக்கிற இடம் அது. டியூப் டிவி படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துத்தான் காட்டும் என்பதால் அந்தக் காலத்தில் யார் கண்ணிலும் பட்டதில்லை. வழக்கமாக வெட்டிவிடுவாராம். கேமராமேன் பல இடத்தில் என் சலங்கைக்கு அடியிலேயே ஃப்ரேம் வைத்திருக்கிறார், வெட்டினால் விரல் நுனி போகும். வெட்டவேண்டாம் என்றேன், விட்டுவிட்டார்.

விலை: விஎச்எஸ்ஸுக்கு 900 ரூபாய், பூஞ்சை எடுக்க 400, மினிடிவிக்கு 500. ஹார்ட் டிஸ்க் நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஞாயிறு விடுமுறை, பகல் ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும். படி செங்குத்து, வயதானவர்கள் துணையோடு போவது நல்லது. ஜிபேயும் எடுத்துக்கொள்கிறார்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மாணவியும் நானும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திரிகால ஜதியை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம். மூன்றாம் காலம், தீர்மானத்துக்கு (ஜதியை முடிக்கும் பகுதி) முந்தின ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று. அங்கே இடது காலை முழுசாகத் தட்டு என்றுதான் நான் இத்தனை வருடமும் சொல்லிக்கொடுத்தேன். திரையில் பதினாறு வயது நான் முன்பாதத்தில் எம்பி நிற்கிறேன், குதிகால் மேலே இருக்கிறது. அடுத்த படத்தில் குதிகால் இறங்கிவிட்டது. குதித்து மெட்டு! ஒரே ஒரு ஃபீல்டில்தான் அது தெரிகிறது. பக்கத்தில் வாத்தியார் தாளத்தைத் தூக்கின கையோடு என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அப்ப மாத்திக்கணுமா டீச்சர்?” என்றாள் அவள். மாற்றிக்கொண்டோம். அன்றைக்கே ஏற்கெனவே கற்றுப்போன மூன்று பேருக்கு அந்தத் துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீடியோவாகப் போட்டால் வாட்ஸ்அப் மறுபடி சுருக்கிவிடும் என்பதால் டாக்குமென்ட்டாக.